தூறல் விழுந்தாலே வயிறு வலிக்கிற ஏழு வயதுக்காரி

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வேளச்சேரியில் தரைத்தள வீடு எங்களுடையது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அவளை அவள் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. நாங்களும் மறந்துவிட்டாள் என்று விட்டுவிட்டோம். இந்த ஜூனில் பள்ளியில் சுற்றுச்சூழல் தினம் கொண்டாடினார்கள். வாயில் தெர்மாமீட்டர் வைத்த பூமி, தீப்பிடித்து எரியும் பூமி என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். 'நீங்கள் கரண்டை வீணாக்கினால் கடல் பொங்கிச் சென்னை மூழ்கிவிடும்' என்று மேடையில் யாரோ பேசியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ராத்திரியில் எழுந்து ஃபேனை நிறுத்துகிறாள். தூறல் விழுந்தாலே வயிறு வலிக்கிறது என்கிறாள். 'நாம எல்லாரும் செத்துப் போயிடுவோமா அம்மா?' என்று போன வாரம் கேட்டாள். ஐந்தாவது படிக்கும் அவள் அண்ணன் யூடியூபில் பார்த்ததையெல்லாம் சொல்லி இன்னும் பயமுறுத்துகிறான். மாமியார் 'கலி முத்திப் போச்சு' என்கிறார். கணவரோ 'சின்னப் புள்ளைகிட்ட இதெல்லாம் எதுக்கு' என்கிறார். காலநிலை மாற்றத்தைப் பற்றி இந்த வயதுக் குழந்தையிடம் எவ்வளவு சொல்லலாம்? பள்ளியில் புகார் செய்யலாமா?
– ஒரு வாசகி, வேளச்சேரி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம். 'இல்ல கண்ணு, செத்துப் போக மாட்டோம். மழை நிறைய வரலாம். தண்ணி திரும்பவும் வீட்டுக்குள்ள வந்தாலும் வரலாம். வந்தா என்ன பண்ணணும்னு எங்களுக்குத் தெரியும். உனக்கும் சொல்லித் தரேன்.' இவ்வளவு போதும். 'தண்ணியெல்லாம் வராது, பேசாம தூங்கு' என்று மட்டும் சொல்லாதீர்கள். வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்துகொண்டு அப்படி ஒரு உத்தரவாதம் கொடுக்க நம்மால் முடியாது. ஒரு தடவை அது பொய்த்துப் போனால், பிறகு நீங்கள் சொல்லும் எந்த ஆறுதலையும் அவள் நம்ப மாட்டாள்.

இந்தப் பதிலைச் சொல்லும் முன்பு அவளிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: 'நீ என்ன கேள்விப்பட்ட? யாரு சொன்னா?' நாம் நினைப்பதும் அவர்கள் மனத்தில் ஓடுவதும் பல சமயம் வேறாக இருக்கும். என்னிடம் வந்த ஒரு சிறுவன் டிவியில் 'ரெட் அலர்ட்' என்று வந்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான். நாலைந்து நாள் பேசிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சிவப்பு என்றால் ரத்தம், யாரோ அடிபடப் போகிறார்கள் என்று அவன் நினைத்திருந்தான். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு வண்ணங்கள் உண்டு, சிவப்பு வந்தால் பெரியவர்கள் உடனே வேலையில் இறங்க வேண்டும் என்று பொருள், அவ்வளவுதான் என்று புரியவைத்ததும் பாதி பயம் போய்விட்டது. அதற்கு முன்பு நானும் அவனிடம் புயலைப் பற்றி நிறையப் பேசிக்கொண்டிருந்தேன். வீண் பேச்சு.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அவள் பயம் இந்த ஜூனில் தொடங்கியது அல்ல. 2023-இலேயே வந்துவிட்டது. வீட்டில் யாரும் பேச்சை எடுக்காததால் உள்ளேயே கிடந்திருக்கிறது. ஐந்தரை வயதில் வீட்டுக்குள் தண்ணீர் ஏன் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. இப்போது பள்ளியில் ஒரு காரணம் கொடுத்துவிட்டார்கள்: கரண்டை வீணாக்கியதால் வந்தது. யார் வீணாக்கினார்கள்? ஃபேன் போட்டுக்கொண்டு தூங்கிய அவள்தான். ராத்திரி எழுந்து ஃபேனை நிறுத்துகிற குழந்தை மின்சாரத்தைச் சிக்கனம் செய்யவில்லை, பரிகாரம் செய்கிறாள்.

ஆகவே காலநிலை மாற்றப் பாடத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, முதலில் அந்த டிசம்பர் கதையை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முழுதாகச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எதை முதலில் பரண்மேல் ஏற்றினீர்கள், அப்பா தோளில் தூக்கும்போது அவள் கையில் என்ன வைத்திருந்தாள், மாடி வீட்டு ஆன்ட்டி என்ன சமைத்துப் போட்டார், தண்ணீர் எப்போது வடிந்தது, வீட்டை யார் யார் கழுவினார்கள் என்று வரிசையாக. தண்ணீர் ஏறிய இடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கழுவி, காயவைத்து, மறுபடியும் அதே வீட்டில் படுத்துத் தூங்கிய நாள் வரை கதை போக வேண்டும். அவள் மனத்தில் அந்தக் கதை இப்போது பாதியில் நிற்கிறது, தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. அவளுக்குப் படம் வரையப் பிடிக்கும் என்றால் வரையட்டும். வெள்ளத்தில் படகோடு வந்தவர்களையும் கதையில் மறக்காமல் சேருங்கள். 2015 வெள்ளத்தில் கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்து எத்தனையோ பேரை மீட்டார்கள். கடல் பொங்கி வந்து விழுங்கும் என்று கேட்டுப் பயந்த குழந்தைக்கு, கடல்காரர்கள் படகோடு வந்து காப்பாற்றிய கதையும் தெரிந்திருக்கட்டும்.

ஃபேன் விஷயம். இதை நேரடியாகச் சொல்லிவிடுங்கள்: 'நீ ஃபேன் போட்டதால தண்ணி வரல. குழந்தைங்க யாராலும் வரல.' இது சமாதானத்துக்காகச் சொல்லும் பொய்யும் இல்லை. இந்தியாவில் ஒரு ஆளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. உலகச் சராசரி அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கை அவளிடம் சொல்ல வேண்டாம், உங்களுக்காகத்தான் சொல்கிறேன். ஆள் இல்லாத அறையில் விளக்கை அணைப்பது நல்ல பழக்கம், அதைப் பல் தேய்ப்பது போலப் பழக்குங்கள். அதை உலகத்தைக் காப்பாற்றும் வேலையாக ஏழு வயதுத் தலையில் ஏற்றினால், விளக்கு எரிகிற ஒவ்வொரு வீடும் அவளுக்குப் பயம் தரும்.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். ஆலோசகர் ஆவதற்கு முன்பு சில ஆண்டுகள் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். ஒன்றாம் வகுப்பில், உருகும் பனிக்கட்டிமேல் தனியாக நிற்கும் துருவக் கரடியின் படத்தைக் காட்டி உருக்கமாகப் பேசினேன். பிள்ளைகள் கண்கலங்கின. அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு வாரம் கழித்து ஒரு சிறுமி, வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் எடுத்தால் கரடி செத்துவிடும் என்று அழுவதாக அவள் அம்மா வந்து சொன்னார். எங்கள் பிள்ளைகளில் யாரும் பனியையே பார்த்ததில்லை. அவர்கள் அறிந்த ஒரே ஐஸ் ஃப்ரிட்ஜில் இருந்தது, அதனால் கணக்கை அங்கே கொண்டுபோய் முடித்துக்கொண்டார்கள். பிழை என்னுடையதுதான்.

நான்காம் வகுப்புக்கு முன்னால் பேரழிவுகளைப் பற்றிப் பேசவே கூடாது என்று சுற்றுச்சூழல் கல்வியாளர்களிடையே ஒரு கருத்து உண்டு. முதலில் மரம், பூச்சி, பறவை என்று நேசிக்கக் கற்றுக்கொள்ளட்டும், ஆபத்தைப் பற்றி அப்புறம் பேசலாம் என்பது அதன் வாதம். உங்கள் கணவரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பேரழிவு ஏற்கெனவே வாசற்படி ஏறி வந்துவிட்டுப் போன வீட்டுக்கு இந்த விதி பொருந்தாது. நான் கடைப்பிடிப்பது வேறு ஒரு எளிய அளவுகோல்: குழந்தை பார்த்திராத பயங்கரத்தை நாமாகக் கொண்டுவந்து காட்ட வேண்டாம், அவள் பார்த்ததைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் வேண்டாம். அவள் பார்த்தது மழையும் வெள்ளமும். எனவே மழையிலிருந்து தொடங்குங்கள். எரியும் பூமி அவளுக்கு இப்போது தேவையே இல்லை.

மழையை விளக்க உங்கள் சமையலறை போதும். இட்லிப் பானையின் மூடியைத் தூக்கிக் காட்டுங்கள். கீழே தண்ணீர் சூடாகிறது, ஆவி மேலே போகிறது, மூடியில் பட்டுத் துளித் துளியாகச் சொட்டுகிறது. அடுப்பைக் கூட்டினால் இன்னும் நிறைய ஆவி. கடலும் அப்படித்தான், முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சூடாகியிருக்கிறது, அதனால் மேகம் அதிகத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வருகிறது, சில சமயம் ஒரே இடத்தில் கொட்டிவிடுகிறது. ஏழு வயதுக்கு இவ்வளவு போதும். (பெரியவர்களுக்கான கணக்கு: காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும்.)

'கடல் ஏன் சூடாச்சு?' என்று அவள் கேட்டால் போர்வையைச் சொல்லுங்கள். பூமியைச் சுற்றி காற்றாலான ஒரு போர்வை இருக்கிறது. அது நல்ல போர்வை. அது இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்கும், நாம் யாரும் இருக்க மாட்டோம். நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் எரித்து எரித்து அந்தப் போர்வை தடித்துவிட்டது. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டால் எப்படி இருக்கும்? அந்தப் புழுக்கம்தான் இது. குழந்தைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், நம் ஊரில் புழுக்கத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லையே. அவள் கேட்காவிட்டால் போர்வைக்குப் போகாதீர்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். இரண்டாவது கேள்வி வந்தால் இரண்டாவது பதில்.

இன்னொன்றையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். வேளச்சேரியில் தண்ணீர் வந்ததற்கு வானம் மட்டும் காரணம் இல்லை. மிக்ஜாம் சென்னையில் கரையேறவே இல்லை. கடலோரமாக மெதுவாக நகர்ந்து டிசம்பர் 3, 4 தேதிகளில் இங்கே கொட்டித் தீர்த்துவிட்டு, 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையைக் கடந்தது. பெய்த தண்ணீர் போய்ச் சேர வேண்டிய இடம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிற பள்ளிக்கரணை சதுப்புநிலம். அதன் பெரும்பகுதிமேல் வீடும் சாலையும் குப்பைமேடும் வந்துவிட்டன. இருக்கிற மிச்சத்துக்கு 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. 'இது தண்ணியோட வீடு. அது வீட்டுல நாம கொஞ்சம் இடம் பிடிச்சுக்கிட்டோம்' என்று சொன்னால் அவளுக்குப் புரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே சாலையோரமாக நின்று பறவை பாருங்கள். நீலத் தாழைக்கோழி கட்டாயம் கண்ணில் படும், அதிர்ஷ்டம் இருந்தால் கூழைக்கடாவும் பூநாரையும். அங்கே நின்றுகொண்டு காலநிலை மாற்றம் என்று வாயைத் திறக்காதீர்கள். தண்ணீர் தங்கும் இடம் அழகாகவும் இருக்கலாம் என்று அவள் ஒருமுறை பார்க்கட்டும்.

அப்புறம் அண்ணன். பத்து வயதுக்காரனுக்கு வாய் இருக்கிறது, வேலை இல்லை. அதனால்தான் பயமுறுத்துகிறான். அவனுக்கு வேலை கொடுங்கள். பயமுறுத்துகிறவனும் உள்ளே பயந்திருப்பான் என்பதையும் நினைவில் வையுங்கள், அதே வெள்ளத்தை அவனும் பார்த்தவன்தானே. வானிலைக்கும் காலநிலைக்கும் என்ன வித்தியாசம் என்று அவன் தங்கைக்கு விளக்கட்டும். ஒரு நாள் அழுதால் அது வானிலை, ஆளே அழுமூஞ்சியாக இருந்தால் அது காலநிலை. இதற்கு யாரை உதாரணம் காட்டுவது என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை வரும், வரட்டும்.

அவன் வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும், ஓசோனில் ஓட்டை விழுந்துவிட்டது, அது வழியாக வெயில் வந்து பூமி சூடாகிறது என்று சொல்வார்கள். பிளாஸ்டிக் குப்பையையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். ஆசிரியர்களிலும் பலர் அப்படியே நினைக்கிறார்கள். மஞ்சப்பை எடுத்துப் போவது நல்ல காரியம்தான், ஆனால் அது குப்பைப் பிரச்சினைக்கு. ஓசோன் வேறு கதை, உண்மையில் நல்ல கதை. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ரசாயனங்களைக் கைவிட 1987-இல் மான்ட்ரியலில் நாடுகள் ஒப்பந்தம் போட்டன, பெருமளவுக்குக் கைவிட்டும்விட்டன, படலம் மெல்ல மெல்லச் சரியாகி வருகிறது. உலகமே சேர்ந்து ஒரு தப்பைத் திருத்திய கதை அது. 'எல்லாம் சரியாகிவிடும்' என்று நாம் பொதுவாகச் சொல்வதைவிட இதைத் தேடிப் படிக்கச் சொன்னால் அவனுக்குத் தெம்பு வரும்.

இன்னொரு வேலை: நம் வீட்டுக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று அவன் கண்டுபிடிக்கட்டும். எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி எரிகிறது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாக நாகர்கோவில் போனால் ரயிலிலிருந்தே காற்றாலைகளைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். போர்வை தடிக்காமலும் கரண்ட் வரும் என்பதை அவன் கண்ணால் பார்க்கலாம். ஊரின் வரைபடத்தில் ஏரி, தாங்கல், குளம் என்று முடிகிற பெயர்களைத் தேடச் சொல்லுங்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. எந்த ஏரியைப் பார்க்கிறது அந்த ரோடு என்று கேளுங்கள், பாவம், தேடித் தேடிப் பார்ப்பான்.

யூடியூபை முழுக்கத் தடுக்க உங்களால் முடியாது. தங்கை இருக்கும்போது புயல் வீடியோ வேண்டாம் என்று ஒரே ஒரு விதி மட்டும் போடுங்கள். மழைநாளில் நாள் முழுக்கச் செய்திச் சேனல் ஓடுவதும் அதே கணக்குதான். அது பெரும்பாலும் பெரியவர்களின் பழக்கம்.

மாமியாரை எதிர்த்துப் பேச வேண்டாம், சாட்சியாக ஆக்கிக்கொள்ளுங்கள். 'கலி முத்திப் போச்சு' என்பதற்குக் குழந்தையால் பதில் சொல்ல முடியாது. 'பாட்டி, நீங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது மழை எப்ப வரும், எப்படித் தெரியும்?' என்று பேத்தி கேட்டால், தட்டான் தாழப் பறந்தது, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனது, ஈசல் வந்தது என்று பாட்டி சொல்வதற்கு ஒரு மாலைப்பொழுதுக்கு விஷயம் இருக்கும். முன்பு எப்படி இருந்தது, இப்போது எது மாறியிருக்கிறது என்று குழந்தைக்குத் தெரிய வேண்டியது அதிலேயே இருக்கிறது.

பள்ளியில் புகார் செய்யாதீர்கள், போய்ப் பேசுங்கள். சுற்றுச்சூழலைப் பற்றிக் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று 1991-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எப்படிக் கற்பிப்பது என்பதில்தான் ஆசிரியர்கள் தனியாக விடப்பட்டிருக்கிறார்கள், ஒரு நாள் விழா, ஒரு வாசகம், ஒரு படம் என்று முடித்துக்கொள்கிறார்கள். வகுப்பாசிரியையிடம் 'இவள் 2023-இல் வெள்ளத்தில் இருந்தவள், மூழ்கும் என்ற பேச்சு இவளைப் பாதித்திருக்கிறது' என்று சொல்லுங்கள். வேளச்சேரிப் பள்ளியில் அந்த வகுப்பில் இன்னும் எத்தனை குழந்தைகள் அப்படி இருப்பார்கள் என்று அவரே யோசிப்பார். அடுத்த ஆண்டு எரியும் பூமிக்குப் பதில், பள்ளிக்கூட மரத்தில் வந்து உட்காரும் பறவைகளை வரையச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

வயிற்று வலியைக் கவனியுங்கள். அது நடிப்பு இல்லை, பயம் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வயிற்றில்தான் வரும். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டி வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நான் சொன்னதெல்லாம் செய்தும் மூன்று நான்கு வாரம் இப்படியே நீடித்தால், தூக்கம் கெட்டால், பள்ளிக்குப் போக மறுத்தால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தால், குழந்தைகள் மனநல நிபுணரை நேரில் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக, ஐப்பசி பிறக்கும் முன் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள்.

ஒன்று, மழைக்காலப் பை. டார்ச், பேட்டரி, ரேஷன் கார்டு ஆதார் நகல்கள், மாத்திரைகள், பிஸ்கட், ஒரு செட் துணி. அதில் அவளுக்கென்று ஒரு பொறுப்பு இருக்கட்டும்: டார்ச் எரிகிறதா என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்ப்பது அவள் வேலை. அவளுடைய ஒரு பொம்மைக்கும் பையில் இடம் வேண்டும்.

இரண்டு, மழைமானி. பக்கவாட்டில் நேராக இருக்கும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, கழுத்துச் சரிவு தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியைக் கவிழ்த்துப் புனல் போல உள்ளே வையுங்கள். அடிப்பகுதி மேடு பள்ளமாக இருக்கும் அல்லவா, அது மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தில் மார்க்கரால் பூஜ்யம் போடுங்கள். அங்கிருந்து மேலே ஸ்கேல் வைத்து சென்டிமீட்டர் கோடுகள். மாடி வீட்டு ஆன்ட்டியிடம் கேட்டு மொட்டைமாடியில் திறந்த இடத்தில் வையுங்கள், காற்றில் சாயாமல் சுற்றிச் செங்கல். தினம் காலை எட்டரை மணிக்கு அண்ணனும் தங்கையும் அளந்து நோட்டில் எழுதிவிட்டு, மறுபடியும் பூஜ்யக் கோடு வரை தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும். வானிலை மையம் இருக்கும் நுங்கம்பாக்கத்தில் எவ்வளவு என்று செய்தியில் வருவதோடு ஒப்பிடட்டும். 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை வந்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. தூறல் விழும்போது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டால், 'வா, எத்தனைன்னு பார்க்கலாம்' என்று கூப்பிடுங்கள். பெரும்பாலான நாட்களில் கோடு ஒன்றைக்கூடத் தொட்டிருக்காது. அதை அவளே பார்த்து அவள் கையால் 0.4 என்று எழுதட்டும்.

தீபாவளி முடிந்ததும் அந்த நோட்டின் ஒரு பக்கத்தை எனக்கு அனுப்பி வையுங்கள்.